ஆஸ்பென் தோப்பில் புதிதாகக் கன்று நட வேண்டுமா?

கேள்வி: கொலராடோவில் 8,500 அடி உயரத்தில் எங்களுக்கு ஒரு மலை வீடு இருக்கிறது. தெற்குச் சரிவில் உள்ள ஆஸ்பென் மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. அடியில் மண்டிய புதரை வெட்டிவிட்டு, நர்சரியில் கன்று வாங்கி நடலாமா?

பதில்: அவசரப்பட்டு வெட்டாதீர்கள், நடவும் வேண்டாம். தோப்பின் நிலைமை முதலில் தரையில்தான் தெரியும்.

ஆஸ்பென் வாழையைப் போல. ஒரே வேர்த்தொகுதியிலிருந்து பக்கக்கன்று கிளம்பித் தோப்பாகிறது. யூட்டாவில் உள்ள 'பாண்டோ' தோப்பு சுமார் 106 ஏக்கர். அங்குள்ள ஏறத்தாழ 47,000 தண்டுகளும் மரபணுவில் ஒரே மரம்தான். பெரிய மரம் நிற்கும்வரை, அதன் நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் வேரில் முளைப்பதை அடக்கிவைக்கும். மரம் பட்டதும் அந்தத் தடை விலகும். அதனால் உங்கள் தோப்பில் இந்நேரம் கன்றுகள் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

ஜூன் கடைசியில் உள்ளே நடந்து பாருங்கள். முழங்கால் உயரக் கன்றுகளின் நுனி கடிபட்டிருந்தால் அது எல்க் மான், மியூல் மான்களின் வேலை. 8 அடி வேலி போட்டு, கன்றுகள் மான் வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை விட்டுவையுங்கள். கன்றே இல்லையென்றால் வேரைக் கொஞ்சம் தோண்டிக் கீறிப் பாருங்கள். 2002 வறட்சிக்குப் பிறகு தென்மேற்குக் கொலராடோவில், தாழ்ந்த உயரத்தில், தெற்கும் மேற்கும் பார்த்த சரிவுகளில் வேரோடு செத்த தோப்புகள் உண்டு. உங்களுடையதும் அதே வகைச் சரிவு என்பதால்தான் சொல்கிறேன். வேர் பழுப்பாகி நொறுங்கினால் மட்டும் நர்சரிக்குப் போங்கள்.

இப்போது அந்தப் புதருக்கு வருவோம். ஊசியிலைக் காட்டைவிட ஆஸ்பென் நிழலில் வெளிச்சம் அதிகம், அதனால்தான் அடியில் இவ்வளவு பசுமை. உங்களுடையது போன்ற வறண்ட சரிவில் ஸ்னோபெர்ரி, காட்டு ரோஜா, சர்வீஸ்பெர்ரி, கொத்தாக வளரும் தர்பர் ஃபெஸ்க்யூ புல், லூபின், யாரோ (yarrow) என்ற பூச்செடிகள் எல்லாம் இருக்கும். இவை களையே இல்லை, மண்ணுக்கு நிழல் தரும் போர்வை. தயவுசெய்து தொடாதீர்கள். மாறாக கென்டகி புளூகிராஸ் என்ற புல்லும் டேன்டெலியன் என்ற மஞ்சள் பூச்செடியும் மட்டுமே பரவியிருந்தால், முன்பு மாடுகள் அளவுக்கு மீறி மேய்ந்த இடமாக இருக்கலாம்.

எடுக்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று, வீட்டை ஒட்டிப் படர்ந்த ஜூனிபர் என்ற ஊசியிலைப் புதர். அது சட்டென்று தீப்பிடிக்கும். இன்னொன்று, தோப்புக்குள் முளைக்கும் ஃபர் என்ற ஊசியிலை மரக் கன்றுகள். வளர்ந்தால் ஆஸ்பெனின் வெயிலை மறைத்துவிடும். எடுக்கும்போது ஆஸ்பென் பட்டையில் அரிவாள் படக்கூடாது. அந்தப் பட்டையும் இலையைப் போலவே ஒளிச்சேர்க்கை செய்கிறது. காயம் பட்டால் பூஞ்சை சுலபமாக உள்ளே நுழையும்.