வேட்புமனு நிராகரிப்புக்கு ரிட் போடலாமா?

ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் உங்கள் வேட்புமனுவைப் பரிசீலனையில் தள்ளிவிட்டார்கள், உடனே உயர் நீதிமன்றத்தில் ரிட் (அதிகாரியின் முடிவில் நீதிமன்றம் நேரடியாகத் தலையிடக் கேட்கும் மனு) போட்டுத் தேர்தலையே நிறுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வழியை நம்பிப் பணத்தை விடாதீர்கள். அரசியலமைப்பின் 243-ஓ பிரிவு, உள்ளாட்சித் தேர்தலை அதற்கென்று உள்ள தேர்தல் மனு மூலம்தான் எதிர்க்கலாம் என்கிறது. இது புதிதும் இல்லை. 1952-லேயே நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி உச்ச நீதிமன்றம் வரை போனார், சட்டமன்றத் தேர்தலுக்கான 329-வது பிரிவைக் காட்டி, தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனுவாகத்தான் கேட்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, அப்புறம் என்ன செய்வது? தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன்படி, முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாளுக்குள் மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும். இந்த 45 நாளை விட்டுவிட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு நிற்காது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். வேட்புமனு தவறாக நிராகரிக்கப்பட்டது என்பது தேர்தலைச் செல்லாததாக்கத் தனிக் காரணம், நீங்கள் நின்றிருந்தால் ஜெயித்திருப்பீர்களா என்ற கணக்கெல்லாம் அதில் வராது.

இப்போதே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, நிராகரிப்புக் காரணம் எழுதிய உங்கள் வேட்புமனுவின் நகலை வாங்குங்கள். முன்மொழிந்தவர் கையெழுத்து, வாக்காளர் பட்டியல் வரிசை எண், வரி பாக்கி, எதைக் காரணம் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் வக்கீல் மேற்கொண்டு சொல்ல முடியும். விண்ணப்பித்ததற்கு ஒப்புகைச் சீட்டை மறக்காமல் கேளுங்கள்.