நாலு வரிசை முன்னால் ஒரு கடன்

கேள்வி: 20 வருடங்களாக ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. ஆனால் இப்போதெல்லாம் வாய் தன் பாட்டுக்கு ஜெபம் சொல்கிறது, மனசு எங்கோ இருக்கிறது. பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று வரும்போது, அக்காவுக்காக என் பெயரில் வாங்கிய கடனின் தவணைத் தேதி ஞாபகம் வந்துவிடுகிறது. அவள் ஒரு தவணைகூடக் கட்டவில்லை. நாங்கள் பேசி 2 வருடம் ஆகிறது. எனக்கு நாலு வரிசை முன்னால் உட்கார்ந்து கண்ணீர் விட்டு ஜெபிக்கிறாள், எல்லாம் நடிப்பு. அவள் வெளியே போன பிறகுதான் நான் எழுந்திருப்பேன். புத்தகத்தைப் பார்த்துச் சொல்வது ஜெபமே இல்லை, வெறும் சடங்கு என்கிறாள் என் தோழி. நான் போடுவது வேஷமா? போவதையே நிறுத்திவிடட்டுமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: நிறுத்த வேண்டாம், சகோதரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெருமுனையில் நின்று ஜெபிக்கிறவர்களை இயேசு 'மாயக்காரர்' என்கிறார். அங்கே வரும் கிரேக்கச் சொல், மேடை நடிகனைக் குறிக்கிற சொல். நடிகனுக்குப் பார்க்க ஆள் வேண்டும். உங்களுக்கு அப்படி யாரும் வேண்டியிருக்கவில்லை. மனசு அலைகிறதே என்று வெட்கப்பட்டல்லவா எழுதியிருக்கிறீர்கள்? அது வேஷம் ஆகாது. ஜெபத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரிய பெயர் அவிலாவின் தெரேசா (1515-1582). ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்றே சில வருடங்கள் காத்துக்கிடந்ததாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் எம்மாத்திரம்! நாலு சரணமும் பாடி முடித்து, புத்தகத்தை மூடும்போது என்ன பாட்டு என்றே தெரியாமல் முழித்த நாட்கள் எனக்கு உண்டு.

உங்கள் தோழி சொல்வதை நான் முழுக்க ஏற்கமாட்டேன். வீண்வார்த்தைகளை அலப்பாதீர்கள் என்று சொன்ன கையோடுதான் இயேசு அந்தப் பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார். சிலுவையில் உயிர் போகிற நேரத்தில் அவர் வாயில் வந்தவையும் 22-ஆம், 31-ஆம் சங்கீதங்களின் வரிகள். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த வரிகளாகத்தான் இருந்திருக்கும். சொந்தமாக ஒரு வாக்கியம் கோக்கத் தெம்பு இல்லாத நேரத்தில், மனப்பாடம் செய்ததுதான் கைகொடுக்கும். அப்புறம், புத்தகம் இல்லாமல் ஜெபிக்கிறவர்களையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். போன வாரம் வந்த அதே ஐந்தாறு சொற்றொடர்கள் இந்த வாரமும் அதே வரிசையில் வரும். அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, "இந்த ஜனங்கள் உதடுகளால் என்னைக் கனம்பண்ணுகிறார்கள், இருதயமோ தூரமாக இருக்கிறது" என்ற வசனம் உங்களை உறுத்தியிருக்கும். ஏசாயா 29-இல் வருவது. இயேசு அதை எடுத்துச் சொல்லும் இடம் மாற்கு 7. அந்த அதிகாரத்தை விட்ட இடத்திலிருந்து மேலே படியுங்கள். அடுத்து அவர் பேசுவது கொர்பான் என்ற அந்தக் காலத்து நேர்ச்சை வழக்கம் பற்றி. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை "இது தேவனுக்கு நேர்ந்துவிட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அப்பா அம்மாவுக்கு எதுவும் செய்ய வேண்டாம். கேட்பதற்குப் பக்தி மாதிரி இருக்கும். அந்த இருதயம் தூரமாக இருந்தது உணர்ச்சி குறைந்ததாலா? இல்லை, வீட்டில் இருக்கிற வயதானவர்களைக் கைவிட்டதால். உங்கள் பாட்டின் இரைச்சலை அகற்றுங்கள் என்று தீர்க்கதரிசி ஆமோஸ் சொல்வதும், ஊர்வாசலில் ஏழையின் வழக்கைப் புரட்டியவர்களைப் பார்த்துத்தான். எபிரெய மொழியில் இருதயம் என்றால் யோசிப்பதும் முடிவெடுப்பதும் நடக்கிற இடம். கண் கலங்கியதா, உடம்பு சிலிர்த்ததா என்பதை வைத்து அதை அளக்க முடியாது.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் 'எல்லாம் நடிப்பு' என்ற இரண்டு சொற்களில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளை வேண்டி ஆலயத்தில் ஜெபித்த அன்னாளின் கதை தெரியும் அல்லவா? உதடு மட்டும் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. வாசல் நிலையண்டை உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியன் ஏலி, குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டித் திட்டுகிறான். ஆலயத்திலேயே காலம் கழித்த மனுஷன், பக்கத்திலிருந்து பார்த்தும் தப்பாகக் கணித்தான். நாலு வரிசை பின்னாலிருந்து, முதுகை மட்டும் பார்த்து நீங்கள் கணிக்கிறீர்கள். கடன் பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கும் அழுகை வரும். அந்தக் கடனை நினைத்தேகூட வரும்.

இப்போது உங்கள் தவணைத் தேதிக்கு வருகிறேன். லூக்கா 'பாவங்கள்' என்று எழுதுகிற இடத்தில், மத்தேயு எழுதியிருப்பது அசல் கிரேக்கத்திலும் 'கடன்கள்' என்றுதான். அந்த வரியில் கடன் ஞாபகம் வருவதை நீங்கள் கவனச்சிதறல் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முழு ஆராதனையிலும் உங்கள் மனசு ஜெபத்தோடு ஒட்டி நிற்கிற ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற பாதி அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. அதை வேகமாகத் தாண்டிப் போகிறீர்கள். மனசு மட்டும் தாண்ட மறுக்கிறது.

மன்னிப்பது என்றால் பணத்தைக் கைகழுவ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தவணையை யார் கட்டுவது, எவ்வளவு, எப்போது என்று பேச வேண்டியதைப் பேசித்தான் ஆக வேண்டும். தேவைப்பட்டால் எழுதியும் வாங்குங்கள். பேச்சே நின்றுபோயிருக்கும்போது அதெல்லாம் எப்படி நடக்கும்?

காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது மத்தேயு 5-இல் இருக்கிறது. ஆராதனையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகலாம் என்று இயேசுவே அனுமதி கொடுக்கிற இடம். உங்களுக்கு அவ்வளவு தூரம்கூட நடக்க வேண்டியதில்லை, நாலு வரிசைதான். கடைசி ஆமென் சொன்னதும் அக்கா வெளியே போகட்டும் என்று காத்திருப்பீர்களே, இந்த ஞாயிறு அவருக்கு முன்னால் எழுந்துவிடுங்கள். வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிடுங்கள். பணத்தைப் பற்றி அன்றைக்கே பேச வேண்டாம்.