‘அன்ஷொ!’ என்று கத்தட்டும்: உடற்கல்வி வகுப்பில் ஐரிஷ்

கேள்வி: அயர்லாந்தின் டப்ளினில் ஒரு டெஷ் பள்ளியில், அதாவது பின்தங்கிய பகுதி என்பதால் அரசின் கூடுதல் உதவி பெறும் பள்ளியில், இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். இந்தியாவில் படித்துவிட்டு வந்தவள். ஐரிஷ் மொழித் தகுதியை இப்போதுதான் முடித்தேன். வகுப்பில் 22 பிள்ளைகள், ஏழெட்டு வீட்டு மொழிகள். ஐரிஷ் புத்தகத்தை எடுத்தாலே பிள்ளைகளின் முகம் சுண்டிவிடுகிறது. உடற்கல்வி வகுப்பை ஐரிஷில் நடத்திப் பாருங்கள் என்கிறார் தலைமை ஆசிரியர். ஓடியாடக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தையும் மொழிப்பாடமாக்கிக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என் உச்சரிப்பும் அவ்வளவு சுத்தமில்லை. எப்படித் தொடங்குவது?

பதில்: உங்கள் பயம் சரியான பயம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1999-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் உடற்கல்விக்குப் பரிந்துரைத்தது வாரத்துக்கு ஒரு மணி நேரம். வரிசை கட்டி ஹாலுக்குப் போய், அவிழ்ந்த ஷூ கயிறுகளையெல்லாம் கட்டி முடிப்பதற்குள் அதில் ஒரு பங்கு போய்விடும். மிச்ச நேரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து வினைச்சொல் விளக்கினால் ஐரிஷும் வராது, உடம்பும் அசையாது. அதனால் உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சும்மா நின்று கேட்கும் நேரம், இதே வகுப்பை ஆங்கிலத்தில் எடுத்தால் எவ்வளவு ஆகுமோ அதைவிடக் கூடக் கூடாது. கூடினால் அன்றைக்குச் சொற்களைக் குறையுங்கள், ஓட்டத்தைக் குறைக்காதீர்கள்.

அப்படியானால் இதை ஏன் செய்ய வேண்டும்? உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் பள்ளியில் படித்த ஐரிஷில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே வாக்கியம் வரும்: “அன் வில் கியாத் அகம் டுல் கொ ஜீ அன் லெஹ்ரஸ்?” கழிப்பறைக்குப் போக அனுமதி உண்டா என்று அர்த்தம். எத்தனையோ கவிதைகளும் கட்டுரைகளும் மறந்துபோனவருக்கு இது மட்டும் மறக்கவில்லை, ஏனென்றால் இதைச் சொல்லாமல் காரியம் நடக்காது. அயர்லாந்தின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்கள் 71,968 பேர். இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் உண்டு. வகுப்பறைக்குள் நம் கையில் இருக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த மொழியில் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டிய தேவை பிள்ளைக்கு ஏற்படுவதே இல்லை. விளையாட்டில் அந்தத் தேவை அரை மணி நேரத்தில் முப்பது தடவை வரும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வருகைப் பதிவெடுக்கும்போது பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் “அன்ஷொ” என்பார்கள், ‘இங்கே’ என்று பொருள். அயர்லாந்தின் பள்ளிகளில் காலையில் கேட்கும் சொல் அது. மேசையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, உயிரே இல்லாமல் முனகுவார்கள். ஒரு நாள் ஹாலில் பந்து வீசும் விளையாட்டில் ஒரே ஒரு விதி போட்டேன். “அன்ஷொ” என்று கூப்பிட்டவருக்குத்தான் பந்து போகும். வாயே திறக்காத ஒரு பையன், மூன்று மாதம் முன்புதான் நாட்டுக்கு வந்தவன், ஓரத்தில் நின்றிருந்தான். நாலாவது நிமிடம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தொண்டை கிழிய “அன்ஷொ!” என்று கத்தினான். பந்து அவன் கைக்கு வந்தது. காலையில் முனகிய அதே சொல்தான். அப்புறம் அவனுக்கு அதைக் கற்றுத்தரவே வேண்டியிருக்கவில்லை.

உங்களைப் போன்ற பள்ளியில் இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்று சொல்கிறேன். 2005-இல் தொடங்கிய டெஷ் திட்டத்தின் பெயரே ஐரிஷில் ‘வாய்ப்பு’ என்று பொருள்படும். வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளை, ஆங்கிலத்தையே இன்னும் தட்டுத் தடுமாறிப் படிக்கும் பிள்ளை, அம்மா அப்பாவுக்கு ஐரிஷ் என்றாலே கசப்பாக இருக்கும் பிள்ளை எல்லாரும் அங்கே இருப்பார்கள். எழுத்து வழியாகப் போனால் இவர்கள் முதல் பக்கத்திலேயே பின்தங்கிவிடுவார்கள். ஹாலில் படிக்க எதுவும் இல்லை. டப்ளினிலேயே பிறந்தவளும் போன மாதம் வந்து இறங்கியவனும் ‘ரிஹ்’ என்றால் ‘ஓடு’ என்று ஒரே நாளில் தெரிந்துகொள்கிறார்கள். புதிதாக வந்த பிள்ளை மற்றவர்களோடு ஒரே கோட்டில் நின்று தொடங்கும் பாடம் பள்ளியில் வேறு எது?

சரி, வகுப்புக்கு வருவோம். முதல் வாரம் ஆறு சொற்கள் போதும். ஓடு, தாவு, நில், வேகமாக, மெதுவாக, அப்புறம் ‘அன்ஷொ’. ஒருவரை ஏவ ‘ரிஹ்’, பலரை ஏவ ‘ரிஹிகீ’. தாவுவதற்கு ‘லேம்’, ‘லேமிகீ’. தமிழில் ஓடு, ஓடுங்கள் என்பது போலத்தான். ஆனால் இந்தப் பன்மை எண்ணிக்கைக்கு மட்டும்தான், மரியாதைக்கு இல்லை. ஒரு குட்டிப் பெண் உங்களைப் பார்த்து “ரிஹ்!” என்று கட்டளை போட்டால் அவள் இலக்கணம் சரியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள்.

உடம்பைச் சூடாக்க ‘ஜெர் ஓ கிராடி’ விளையாடலாம். ‘ஓ கிராடி சொல்கிறார்’ என்று தொடங்கும் கட்டளையை மட்டும் செய்ய வேண்டும், அந்தத் தொடக்கம் இல்லாத கட்டளையைச் செய்தவர் அவுட். இங்கே எல்லாப் பள்ளிகளுக்கும் தெரிந்த ஆட்டம். கட்டளையைக் கேட்டு உடம்பால் பதில் சொல்லி மொழி கற்பதை ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் ஒரு முறையாகவே வகுத்தார். நம் ஓ கிராடி செய்வதும் அதைத்தான். ஆனால் யாரையும் அவுட் ஆக்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முதலில் அவுட் ஆவது ஐரிஷ் புரியாத பிள்ளையாகவோ ஓடத் தயங்கும் பிள்ளையாகவோதான் இருக்கும். மொழியும் அசைவும் யாருக்கு அதிகம் தேவையோ அவரைச் சுவரோரம் உட்காரவைத்து வேடிக்கை பார்க்கவிடுகிறோம். தவறினால் இரண்டு தாவல் தாவிவிட்டு ஆட்டத்துக்குள் வரட்டும்.

தொடக்கத்தில் கட்டளையோடு சைகையும் காட்டுங்கள். இரண்டாவது வாரம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லுங்கள். மூன்றாவது வாரம் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்று சொல்லுங்கள். அப்போது யாருக்குப் புரிந்திருக்கிறது, யார் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்கிறார் என்று பளிச்சென்று தெரியும். பார்த்துச் செய்பவர் அரை நொடி தாமதமாக அசைவார். இதைவிட நல்ல பரீட்சைத்தாள் கிடையாது, பிள்ளைக்குப் பரீட்சை நடந்ததே தெரியாது.

நாலாவது வாரம் கட்டளையை அவர்கள் வாய்க்கு மாற்றுங்கள். வாரத்துக்கு இரண்டு பேர் குட்டி ஆசிரியர்கள். மற்றவர்கள் நன்றாகச் செய்தால் “மா ஷிவ்!” என்று பாராட்டுவதும் அவர்கள் பொறுப்பு. கேட்டுப் புரிந்துகொள்வதோடு நின்றுவிட்டால் பாதிதான் கிடைத்த மாதிரி. 21 பேரைத் தன் ஒரு சொல்லால் ஓடவைத்த பிள்ளை அந்தச் சொல்லை விடாது.

இனி நான் முக்கியமாக நினைப்பது. ஐரிஷ் வாக்கியம் வினையில் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தமிழில் கடைசியில் வருவது அங்கே முதலில் வந்து நிற்கும். ஹாலில் சொல்லிப் பழகிய ஏவல்தான் இறந்தகால வாக்கியத்துக்கும் முதல் சொல். ‘ரிஹ்’ என்றால் ஓடு, ‘ரிஹ் மே’ என்றால் நான் ஓடினேன். ‘லேம் மே’, நான் தாவினேன். எழுத்துகூட மாறவில்லை. வகுப்பறைக்குத் திரும்பியதும் மூச்சிரைப்பு அடங்கும் அந்த மூன்று நிமிடத்தில் “என்ன செய்தாய்?” என்று ஐரிஷில் கேளுங்கள். ஆறு வாரம் கட்டளையாகக் கேட்டது கதையாக வெளியே வரும். ர, ல இரண்டிலும் தொடங்கும் வினைகளை முதலில் எடுங்கள். அவற்றின் எழுத்து மாறாது. அப்புறம் மாறுகிறவற்றுக்குப் போகலாம். ‘பூல்’ (அடி) இறந்தகாலத்தில் ‘வூல்’ ஆகும்: “வூல் மே அன் லீரோஜ்”, பந்தை அடித்தேன். ‘காஹ்’ (எறி) ‘ஹாஹ்’ ஆகும். ‘மகன்’ என்னும்போது நடுவில் மெலிகிற க-வை இன்னும் தொண்டைக்குள் தள்ளி உரசினால் அந்த ஒலி வரும். முதல் எழுத்து மெலியும் இந்த விதியைப் பலகையில் எழுதி விளக்கினால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். பந்தை அடித்த கை இன்னும் சூடாக இருக்கும்போது ப, வ ஆனதைக் காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

1999 பாடத்திட்டம் உடற்கல்வியைப் பிரித்த ஆறு பிரிவுகளும் இதற்கு ஒரே மாதிரி ஒத்துவராது. நடனமும் விளையாட்டுகளும் நன்றாகப் பொருந்தும், தடகளமும் பரவாயில்லை. ஜிம்னாஸ்டிக்ஸில் தலைகீழாக நிற்கும் பிள்ளைக்குப் புதுச் சொல் சொல்லாதீர்கள். நீச்சல் குளத்திலும் வேண்டாம். அடிபடக்கூடிய இடத்தில் எல்லாருக்கும் புரிகிற மொழியில்தான் எச்சரிக்கை வர வேண்டும்.

அயர்லாந்தின் மரபு விளையாட்டுகளான கேலிக் விளையாட்டுகளைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். மட்டைக்குக் கமான், பந்துக்கு ஸ்லிட்டர் என்று ஹர்லிங் ஆடும் பிள்ளை தினமும் சொல்கிறது. தனக்கு ஐரிஷ் வராது என்றும் சொல்லும். “இதெல்லாம் என்ன மொழி?” என்று ஒரு நாள் கேட்டு அந்த முகத்தைப் பாருங்கள். கேலிக் கால்பந்தில் ஒரு கூல் (வலைக்குள் போகும் கோல்) மூன்று புள்ளி, ஒரு கூலீன் (குறுக்குக் கம்பத்துக்கு மேலே போவது) ஒரு புள்ளி. ஒரு பிள்ளையை ஐரிஷில் எண்ணிக் கணக்கு வைக்கச் சொன்னால் கூட்டலும் அங்கேயே நடந்துவிடும். பக்கத்து கேலிக் சங்கத்திலிருந்து பயிற்சியாளர் வருபவராக இருந்தால், அந்த வாரத்து ஆறு சொற்களை முதல் நாளே அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆசிரியர் அல்லாத ஒருவர் வாயிலிருந்து, அதுவும் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் ஒரு விளையாட்டுக்காரர் வாயிலிருந்து வருவதற்கு மதிப்பே தனி.

வீட்டுப்பாடமாகப் பயிற்சிப் புத்தகம் கொடுக்காதீர்கள். சமையலறையில் அம்மாவையோ அண்ணனையோ நிற்கவைத்து ஓ கிராடி ஆடிவிட்டு வா என்று சொல்லுங்கள். பள்ளி நாள்களில் ஐரிஷால் கூனிக்குறுகிய பெற்றோர்கள் இந்தப் பகுதிகளில் நிறைய. பிள்ளை தங்களுக்குக் கற்றுத்தரும்போது அவர்களுக்குக் கோபம் வராது. உங்கள் பள்ளியில் வீட்டையும் பள்ளியையும் இணைக்கும் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். அவரைக் கேட்டு, மார்ச் 1 முதல் 17 வரை வரும், பெயரில் மட்டும் வாரமான ஐரிஷ் மொழி வாரத்தில் ஒரு நாள் பெற்றோர்களை ஹாலுக்கு அழையுங்கள். அன்றைக்குப் பிள்ளைகள்தான் கட்டளை போட வேண்டும்.

கடைசியாக உங்கள் உச்சரிப்பு. ஒரு வாரத்துக்கு ஆறு சொல். ஐரிஷ் நன்றாகப் பேசும் சக ஆசிரியர் ஒருவரிடம் போய் அந்த ஆறையும் அவரைச் சொல்லவைத்து உங்கள் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பஸ்ஸில் வரும்போது கேளுங்கள். கோனமாராவில் ஒரு மாதிரி, கெர்ரியில் ஒரு மாதிரி, டொனிகாலில் ஒரு மாதிரி என்று மொழியே மூன்று விதமாக ஒலிக்கிறது, யாரும் யாரையும் தப்பு என்பதில்லை. ஏழெட்டு மொழிகள் பேசும் பிள்ளைகள் முன்னால், இந்த மொழியைப் பெரியவளான பிறகு கற்றுக்கொண்ட ஒருத்தி நின்று உரக்கச் சொல்கிறாள். அவர்களில் பலருடைய அம்மாக்களும் உங்களைப் போல வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள்தான். திங்கட்கிழமை ‘ரிஹிகீ’யில் ஆரம்பியுங்கள், நீங்களும் சேர்ந்து ஓடுங்கள்.