வேலையை விட்டுப் பண்ணைக்கு வரலாமா? – கேள்வி பதில்

பெரிய நிறுவனம் ஒன்றில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதன் பிறகு 11 ஆண்டுகளாகப் பண்ணை: கறவை மாடுகள், பழ மரங்கள், கொஞ்சம் தானியம். இரண்டு வாழ்க்கையையும் பார்த்தவன் என்பதால் கேட்கிறீர்கள். தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

கேள்வி: இரவு பதினொரு மணிக்கும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பண்ணைக்குப் போனால் நிம்மதி கிடைக்குமா ஐயா?

முதலில் விடுப்பு எடுத்துத் தூங்குங்கள். ஓய்ந்துபோன மனதுக்கு எந்த வயலும் பச்சையாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நான் கற்பனை செய்துவைத்திருந்த பண்ணையில் எப்போதும் மாலை நேரம்; காற்று வீசும், வேலையெல்லாம் முடிந்திருக்கும்.

முதல் ஆண்டில் ஒரு நள்ளிரவு. பசு கன்று ஈன முக்கிக்கொண்டிருந்தது. பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு குளம்புகள் தெரிகின்றன, அவற்றின் அடிப்பக்கம் மேலே பார்த்தபடி. சரியாக வரும் கன்றுக்குக் குளம்பின் அடிப்பக்கம் கீழே பார்க்கும். முன்னங்கால்கள் மேல் மூக்கு படிந்திருக்கும். எங்கள் பசுவுக்குப் பின்னங்கால்கள் முதலில் வந்துகொண்டிருந்தன. எனக்கு அன்று அந்த வித்தியாசம் தெரியாது. பக்கத்துப் பண்ணைப் பெரியவருக்குத் தெரிந்தது. கால்நடை மருத்துவரை எழுப்பி வரவழைத்தோம். கன்றை வெளியே எடுத்ததும் மூக்கிலிருந்த சளியை வழித்துவிட்டு, வைக்கோலால் விலாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தோம். மூச்சு வந்தது. விடிந்ததும் மற்ற மாடுகளுக்குத் தீவனம் அறுக்கப் போனேன். அந்த இரவை இன்றும் பெருமையோடு நினைக்கிறேன், ஆனால் நிம்மதி என்ற சொல் அதற்குப் பொருந்தாது. பண்ணையும் கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேண்டிய வேலைதான்.

கேள்வி: வேலையை விடும்போது கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?

மாதக் கணக்கில் சொல்கிறேன். குடும்பச் செலவுக்கு 24 மாதப் பணம் தனியாக இருக்கட்டும். பண்ணையில் போடும் முதலீட்டை அதோடு சேர்க்காதீர்கள்.

ஏன் இவ்வளவு என்றால், இன்று பிறந்த கிடேரிக் கன்றைச் சினைப்படுத்தவே ஏறத்தாழ 15 மாதம் ஆகும். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே முதல் பாலைப் பார்க்க இரண்டு ஆண்டு. பசு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு, அதாவது சினைப்படுத்த ஏற்ற நிலைக்கு, வரும். அந்த அறிகுறி ஒரு நாள்கூட முழுதாக நிற்காது. கவனிக்கத் தவறினால் அடுத்த பருவம் வரை தீவனம் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். பழ மரம் வைத்தால் காத்திருப்பு இன்னும் நீளும்.

அலுவலகத்தில் நீங்கள் மந்தமாக இருந்த மாதத்துக்கும் சம்பளம் வந்துவிடும். இங்கே உழைக்கும் மாதம் ஒன்று, பணம் வரும் மாதம் வேறொன்று. நல்ல சம்பளம் வாங்கிப் பழகியவர்கள் திண்டாடுவது இந்த இடைவெளியில்தான். உழைப்புக்கு அஞ்சித் திரும்பிப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: நல்ல நிலம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆண்டின் மிக வறண்ட மாதத்தில் போய்ப் பாருங்கள். மழை முடிந்த கையோடு காட்டப்படும் நிலம் எல்லாமே அழகுதான். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். அந்த மழை பொய்த்தால் அவ்வளவையும் கிணற்றிலிருந்துதான் இறைக்க வேண்டும். கிணறு தாங்குமா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். விற்பவரிடம் மட்டும் கேட்காதீர்கள். முடிந்தால் வாங்குவதற்கு முன் ஓர் ஆண்டு குத்தகைக்கு எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: பண்ணை ஆரம்பித்தால் விடுமுறைக்கு எங்கேயாவது போக முடியுமா?

பயிர் மட்டும் என்றால் அறுவடைக்குப் பின் போகலாம். கறவை மாடு என்றால் ஒரு நாளைக்கு இரண்டு கறவை, ஆண்டுக்கு 730. உங்களுக்குப் பதிலாகக் கறக்க ஆள் இருந்தால் மட்டுமே மாடு வாங்குங்கள்.

கேள்வி: என் அப்பா விவசாயி. "நீயாவது நிம்மதியாகச் சம்பளம் வாங்கு, இங்கே வராதே" என்கிறார். அவர் பேச்சை மீறலாமா?

மீறுவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள் தம்பி. கடந்த ஐந்து ஆண்டின் வரவையும் செலவையும் அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். விதை, உரம், டீசல், கூலி எல்லாம் நினைவிலிருந்தே சொல்வார். அவருடைய சொந்த உழைப்பையும் அம்மாவின் உழைப்பையும் மட்டும் சொல்ல மாட்டார். அந்த இரண்டு வரிகளை நீங்களே எழுதிச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது அந்தத் தொகையில் இருக்கும்.

அந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால், எந்தச் செலவை நீங்கள் குறைக்க முடியும், எந்த விற்பனையை மாற்ற முடியும் என்று அவரிடமே பேசுங்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மாதம் எந்தப் பூச்சி வரும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. நான் அதைக் கற்க நான்கு ஆண்டு நட்டப்பட்டேன். அந்த அறிவு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அவரோடு சண்டை போட்டுக்கொண்டு தொடங்காதீர்கள்.

கேள்வி: மனைவிக்கு இதில் விருப்பம் இல்லை.

அப்படியானால் இப்போது வேண்டாம். பள்ளியா, மருத்துவமனையின் தூரமா, அவருடைய வேலையா, எது தடுக்கிறது என்று கேட்டு அதற்கு முதலில் வழி செய்யுங்கள்.

கேள்வி: எடுத்த முடிவுக்காக நீங்கள் வருந்தியது உண்டா?

உண்டு. மகள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு விளைச்சல் கெட்டது. அவள் விரும்பிய படிப்புக்கு என்னால் பணம் கட்ட முடியவில்லை. அவள் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. மறுபடியும் முடிவெடுக்கச் சொன்னால் இங்கேதான் வருவேன், ஆனால் மூன்று ஆண்டு கூடுதலாகச் சேமித்த பிறகு.

கேள்வி: வேலையில் இருந்துகொண்டே, இந்த மாதமே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. சம்பளம் முழுவதையும் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரே முறை, நீங்கள் திட்டமிட்ட பண்ணை தரக்கூடிய தொகையை மட்டும் எடுங்கள். நடுவில் அந்தக் கணக்கைத் தொடக் கூடாது. நான்காவது மாதம் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்பதைக் கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.