தட்டும் முள்ளும்: ஜார்ஜ் ஹாரிசன் ரசிகர்களுக்கான கேள்வி-பதில்

பீட்டில்ஸ் குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனின் இசைத்தட்டுகளைச் சேகரிப்பது பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: இதுவரை போனில்தான் ஹாரிசனைக் கேட்டிருக்கிறேன். இப்போது எல்.பி. (வினைல் இசைத்தட்டு) வாங்க ஆசை. எந்தத் தட்டில் ஆரம்பிக்கலாம்? பழசா, புதுசா?
— தருமபுரி வாசகர்

‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ தட்டில் ஆரம்பியுங்கள். 1970 நவம்பரில் மூன்று தட்டுகள் கொண்ட பெட்டியாக வந்தது. பீட்டில்ஸ் காலத்தில் ஒரு ஆல்பத்துக்கு ஓரிரு பாட்டுதான் ஹாரிசனுக்குக் கிடைக்கும். எழுதி எழுதிச் சேர்த்து வைத்ததையெல்லாம் இதில்தான் கொட்டினார். அடுத்து 1973இன் ‘லிவிங் இன் தி மெட்டீரியல் வேர்ல்ட்’. பிறகு 1979இல் அவர் பெயரையே தலைப்பாகக் கொண்டு வந்த ஆல்பம், 1987இன் ‘கிளவுட் நைன்’. அவர் மறைந்த பின் மகன் தானியும் இசைக்கலைஞர் ஜெஃப் லின்னும் முடித்துக் கொடுத்த ‘பிரெய்ன்வாஷ்ட்’ 2002இல் வந்தது. அதைக் கடைசியாக வையுங்கள். முந்தையவற்றைக் கேட்ட காதுக்கு அதன் அருமை கூடும். 1969இன் ‘எலெக்ட்ரானிக் சவுண்ட்’ பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். மூக் சிந்தசைசரில் செய்த பரிசோதனை அது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே நீண்ட பகுதிகள்தான்.

கேட்பதற்கென்றால் மறுபதிப்பே போதும். ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ஸின் 2021 பதிப்பு பழைய டேப்புகளிலிருந்து புதிதாக மிக்ஸ் செய்யப்பட்டது. குரல் முன்னுக்கு வந்து தெளிவாக நிற்கும். 1970 பதிப்பில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் எதிரொலிச் சுவர் அப்படியே இருக்கும். எங்களுக்கு அந்தப் பழைய அடர்த்திதான் பிடிக்கும், ஆனால் நல்ல நிலையில் ஒரு பழைய பிரதி கிடைக்கும்வரை கேட்காமல் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஆல்பத்தின் நாலைந்து பதிப்புகளை வாங்குவதற்கு முன் எல்லா ஆல்பத்திலும் ஒவ்வொன்று சேரட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிரானைட் பட்டறைகள். எவ்வளவு துடைத்தாலும் தட்டில் படபடவென்று சத்தம் வருகிறது. சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவலாமா?
— கிருஷ்ணகிரி வாசகர்

கழுவலாம், ஆனால் சோப்பும் வேண்டாம், குழாய்த் தண்ணீரும் வேண்டாம். அதற்கு முன், உலர்ந்த துணியால் துடைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கிரானைட் தூளில் குவார்ட்ஸ் உண்டு. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. வினைல் அதன் முன்னால் வெறும் மெழுகு. எல்.பி.யின் பள்ளம் தலைமுடி அகலம்கூட இருக்காது. காய்ந்த துணியை அழுத்தித் தேய்த்தால் கல்தூள் அந்தப் பள்ளத்தின் சுவரை அரம் போல ராவும். அப்படி விழுந்த கீறலை எந்தக் கழுவலும் மீட்காது.

முதலில் தட்டைச் சுழல விட்டு, கார்பன் ஃபைபர் பிரஷ்ஷின் நுனி மட்டும் படும்படி இரண்டு மூன்று சுற்று பிடியுங்கள். மேலாகக் கிடக்கும் தூள் அதில் போய்விடும். ஒவ்வொரு முறை பாட்டுப் போடும் முன்பும் இதைச் செய்ய வேண்டும்.

கழுவ: 800 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், 200 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (99 சதவீதம்), ஃபிலிம் கழுவுவதற்கான வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீரைச் சீராகப் பரவ வைக்கும் திரவம்) இரண்டே சொட்டு. சொட்டு கூடினால் நுரை காய்ந்து பள்ளத்தில் படியும், சத்தம் முன்பைவிட மோசமாகும். லேபிளில் ஈரம் படாமல் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் மூடி வைத்து, மெல்லிய முடியுள்ள பிரஷ்ஷால் பள்ளம் போகும் திசையிலேயே நான்கைந்து சுற்று தேயுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசுங்கள். இந்த அலசலை விட்டுவிடுகிறவர்கள்தான் ‘கழுவியும் பயனில்லை’ என்கிறார்கள். கரைந்த அழுக்கு வெளியேறாமல் அங்கேயே காய்ந்துவிடுகிறது. நிழலில், தட்டை நிமிர்த்தி வைத்து அரை மணி நேரமாவது உலர விடுங்கள்.

நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் அதிகம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது பள்ளத்திலும் படியும். ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும்; சீல் உடைக்காத பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள்.

கழுவிய பிறகும் சத்தம் வந்தால் கைக்கடிகாரத்தை வைத்துக் கேளுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற எல்.பி. வேகத்தில் ஒரு சுற்று 1.8 விநாடி. ‘டிக்’ சத்தம் சரியாக 1.8 விநாடிக்கு ஒருமுறை வந்தால் அது கீறல். ஒழுங்கில்லாமல் அங்கங்கே வெடித்தால் தூசி, அல்லது மாசி, பங்குனி வறட்சியில் ஏறும் நிலைமின்சாரம். பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் குரல் கரகரத்தால் பள்ளம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தக் காலத்துச் சின்ன ரெக்கார்டு பிளேயர்களின் செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கும் பாகம்) 4 முதல் 6 கிராம் எடையோடு தட்டை அழுத்தும். இன்றைய ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கு 1.8 கிராம், ஆடியோ டெக்னிகா வி.எம். 95ஈ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். ஆகவே பழைய தட்டு வாங்கும்போது முதல் பாட்டைக் கேட்டு ஏமாறாமல், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மாமா பழைய பெல்ட் டர்ன்டேபிள் கொண்டு வந்தார். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓட்டுகிறேன். ஹாரிசன் தூக்கத்தில் பாடுவது போல இருக்கிறது. பெல்ட் மாற்றியும் சரியாகவில்லை.
— ஓசூர் வாசகி

பெல்ட் மீது தவறில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டுமே குறைக்கும், ஃப்ரீக்வென்சியை மாற்றாது. உங்கள் டர்ன்டேபிளில் இருப்பது அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கான சிங்க்ரனஸ் மோட்டார்; மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சிதான் அதன் வேகத்தைத் தீர்மானிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8 சுற்றுதான் சுற்றும். சுருதி கீபோர்டில் மூன்று கட்டை இறங்கிவிடும். மோட்டாரும் வழக்கத்தைவிடச் சூடாகும். டிரான்ஸ்ஃபார்மரில் 100 வோல்ட் முனை இருந்தால் அதில் மாட்டுங்கள், சூடு குறையும்.

உங்கள் மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டாரில் பெல்ட் மாட்டும் சிறு சக்கரம்) தனியாகக் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. இல்லையென்றால், நீங்கள் இருப்பது லேத் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். பித்தளையில் கடைந்து வாங்கலாம். கணக்கு இதுதான்: பழைய புல்லியின் விட்டத்தோடு பெல்ட்டின் தடிப்பைக் கூட்டி, 1.2ஆல் பெருக்கி, மறுபடி பெல்ட் தடிப்பைக் கழிக்க வேண்டும். புல்லி 10 மி.மீ., பெல்ட் 0.6 மி.மீ. என்றால் புதுப் புல்லி 12.12 மி.மீ. பெல்ட் தடிப்பை விட்டுவிட்டு நேராக 12 மி.மீ. கடைந்தால் வேகம் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் குறைந்தே நிற்கும். 45 வேகத்துக்கான படியையும் இதே கணக்கில் கடையச் சொல்லுங்கள். கடைசல்காரரிடம் வற்புறுத்த வேண்டியது ஒன்று உண்டு. அச்சுத் துளை துல்லியமாக நடுவில் இருக்க வேண்டும். 0.02 மி.மீ. விலகினாலே நீண்ட கிதார் சுரங்கள் நடுங்க ஆரம்பிக்கும். ஹாரிசனின் ஸ்லைடு கிதாரில் அது பளிச்சென்று தெரிந்துவிடும்.

வேகத்தைச் சரிபார்க்க 50 ஹெர்ட்ஸுக்கான ஸ்ட்ரோப் தாளை (வட்டமாகக் கோடுகள் அச்சிட்டது) தட்டின் மேல் வையுங்கள். வேகம் சரியென்றால் சுற்றும்போது கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். 33⅓ வட்டத்தில் 180 கோடுகள் இருக்க வேண்டும். 216 இருந்தால் அது அமெரிக்கத் தாள். பல எல்.ஈ.டி. பல்புகளின் வெளிச்சத்தில் கோடு நிற்பது தெரியாது. சோக் வைத்த பழைய டியூப்லைட்டின் கீழ் பாருங்கள்.

இனி யாராவது அங்கிருந்து கொண்டு வருவதாக இருந்தால், அடாப்டரில் ஓடும் டி.சி. மோட்டார் மாடலைக் கேளுங்கள். அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: பெங்களூர் வியாபாரி ஒருவர் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ பெட்டியை 1970 ஒரிஜினல் என்று சொல்லி விற்கிறார். போட்டோவை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?
— பாலக்கோடு வாசகர்

பாதி முடியும். பின்பக்கம் பார்கோடு இருந்தால் பேச்சே வேண்டாம், அது 1970 இல்லை. அட்டைப் படம் கலரில் இருந்தால் அது 2001 மறுபதிப்பின் படம். முதல் பதிப்பில் தோட்டத்துக் குள்ளப் பொம்மைகளுக்கு நடுவே ஹாரிசன் கறுப்பு வெள்ளையில்தான் உட்கார்ந்திருப்பார். பிரிட்டிஷ் பதிப்பின் எண் எஸ்.டி.சி.எச். 639. உள்ளே மூன்று தட்டு, அச்சிட்ட மூன்று உள்உறை, ஒரு பெரிய போஸ்டர் இருக்க வேண்டும். ‘ஆப்பிள் ஜாம்’ எனப்படும் மூன்றாவது தட்டின் லேபிளில் ஜாம் பாட்டில் படம் இருக்கும். போஸ்டர் இல்லாத பெட்டியே சந்தையில் அதிகம். இல்லையென்றால் விலையைக் குறைத்துப் பேசலாம். கீல் பக்கம் பிளந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். மூன்று தட்டின் கனம் அந்த மடிப்பில்தான் விழுகிறது.

மீதியைத் தெரிந்துகொள்ள, லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையிலுள்ள வெற்றுப் பகுதியைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் நிறுவனமான இ.எம்.ஐ.யின் ஆலைத் தட்டில் லேபிளுக்குக் கீழே மேட்ரிக்ஸ் எண் (மூலப் பதிவின் எண்), இடப்பக்கம் மதர் எண் (அதிலிருந்து எடுத்த உலோக நகலின் எண்), வலப்பக்கம் ஸ்டாம்பர் எழுத்து (தட்டை அழுத்திய அச்சைக் குறிப்பது) இருக்கும். அந்த எழுத்துகளைக் கிராமஃபோன் லிமிடெட் என்ற பெயரிலிருந்து எடுத்தார்கள்: ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3, எம் என்றால் 4 என்று போகும். எண் சிறிதாக இருந்தால் அந்தத் தட்டு முன்கூட்டியே அழுத்தப்பட்டது. இந்தப் படத்தை அனுப்ப மறுக்கிற வியாபாரியிடம் ஒரிஜினல் விலை கொடுக்காதீர்கள்.

பார்சலில் வருவதாக இருந்தால், தட்டுகளைப் பெட்டிக்கு வெளியே எடுத்துத் தனியாக அடுக்கி, இருபுறமும் விறைப்பான அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே விட்டால் வழியில் படும் ஒவ்வொரு இடியிலும் தட்டின் விளிம்பு அட்டையைக் கிழிக்கும்.

கேள்வி: தாத்தா பெட்டியில் பார்லோஃபோன் லேபிள் போட்ட பீட்டில்ஸ் 78 தட்டு (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய வகை) ஒன்று கிடைத்தது. ஆல்கஹால் கலவையில் கழுவலாமா?
— அரூர் வாசகர்

கூடவே கூடாது. 78 தட்டு அரக்கில் செய்தது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். மென்மையான துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து, பள்ளத்தின் திசையில் ஒற்றி எடுங்கள். உடனே உலர்த்துங்கள், ஊறவிடாதீர்கள். எல்.பி. முள்ளையும் அதில் வைக்க வேண்டாம். 78இன் பள்ளம் அகலம் என்பதால் 3 மில் முள் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேண்டும். எல்.பி.யின் 0.7 மில் முள் அடிப்பள்ளத்தில் உரசி இரைச்சலையே தரும். பல நாடுகள் 78ஐக் கைவிட்ட பிறகும் கல்கத்தா டம் டம் ஆலையில் பீட்டில்ஸ் பாட்டுகளை அரக்குத் தட்டில் அழுத்தினார்கள். டி.பி.ஈ. என்று தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடும் பொருள் அது. கை தவறினால் அப்பளமாக நொறுங்கும், ஆகவே இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.

கேள்வி: மாமரப் பலகையில் மலிவாக அலமாரி செய்து தருகிறேன் என்கிறார் ஆசாரி. சுமார் 200 எல்.பி. இருக்கிறது. தகரக் கூரை வீடு.
— காவேரிப்பட்டணம் வாசகர்

மாமரம் வேண்டாம். சீக்கிரம் உளுத்துவிடும், உளுத்த மாவு முழுக்கத் தட்டின் மேல்தான் கொட்டும். 19 மி.மீ. பிளைவுட் போடுங்கள். உள் உயரம் 33 செ.மீ., ஆழமும் அதே அளவு, 35 செ.மீ.க்கு ஒரு நடுத்தடுப்பு. 200 எல்.பி. என்பது சுமார் 50 கிலோ கனம். தட்டுகளை நிமிர்த்தியே அடுக்க வேண்டும். கிடையாக அடுக்கினாலும், சாய்ந்து நின்றாலும் வளையும். அடித்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலும், அலமாரி சுவரை ஒட்டாமலும் இருந்தால் கரையான் ஏறினாலும் கண்ணில் படும். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளைத் தாக்கும். வெளியுறை பாலித்தீனாக இருக்கட்டும். மெத்தென்ற பி.வி.சி. உறை நாளாவட்டத்தில் தட்டின் மேல் போகாத மூட்டத்தை ஏற்றிவிடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்கவே வேண்டாம், வீட்டிலேயே குளுமையான அறையின் உள்சுவர்ப் பக்கம் வையுங்கள்.

கேள்வி: ஹாரிசன் கையெழுத்துப் போட்ட 1964 பீட்டில்ஸ் போட்டோ என்று ஒருவர் தருகிறார். நம்பலாமா?
— ஊத்தங்கரை வாசகர்

நம்பாமல் தொடங்குவது நல்லது. அந்த வருடங்களில் கூட்டம் தாங்காமல் நீல் ஆஸ்பினல், மால் எவன்ஸ் போன்ற உதவியாளர்களே நால்வருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் தாளும் மையும் அந்தக் காலத்தவையாகவே இருக்கும், கை மட்டும் வேறு. 10 மடங்கு லென்ஸில் மை புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது வெறும் அச்சு.

கேள்வி: ஹாரிசனின் இசையில் நம் பக்கத்துக் கலைஞர்கள் யாராவது இருக்கிறார்களா? அந்தத் தட்டுகள் எவை?
— பென்னாகரம் வாசகி

இருக்கிறார்கள், அந்தத் தட்டுகளைத்தான் நம் ரசிகர்கள் அதிகம் தேட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். 1974இல் சிதார் மேதை ரவிசங்கர் தலைமையில் இந்தியக் கலைஞர் குழுவை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போய், அந்த இசையை ஹாரிசனே தயாரித்தார். ‘மியூசிக் ஃபெஸ்டிவல் ஃப்ரம் இந்தியா’ என்ற அந்த எல்.பி. 1976இல் ஹாரிசனின் டார்க் ஹார்ஸ் நிறுவனத்தில் வந்தது. டி.வி. கோபாலகிருஷ்ணன், வயலின் எல். சுப்பிரமணியம், லக்ஷ்மி சங்கர் மூவரும் அந்தக் குழுவில் உண்டு. 1997இல் வந்த ‘சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா’வும் ஹாரிசன் தயாரிப்புதான். வேத மந்திரங்களுக்கு ரவிசங்கர் இசையமைத்தது. ஒலிப்பதிவின் ஒரு பகுதி சென்னையிலும், மறுபகுதி இங்கிலாந்தில் ஹாரிசன் வீட்டிலும் நடந்தது. இவற்றோடு ‘வண்டர்வால் மியூசிக்’கையும் சேருங்கள். 1968 ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. ஸ்டூடியோவில் ஷெனாய், சரோத், சந்தூர் கலைஞர்களை வைத்துப் பாதியைப் பதிவு செய்தார். பீட்டில்ஸின் இசைத்தட்டு நிறுவனமான ஆப்பிள் வெளியிட்ட முதல் ஆல்பமும் இதுவே.

முதல் இரண்டையும் தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம் என்றால், 2010இல் வந்த ‘கொலாபரேஷன்ஸ்’ பெட்டியைப் பாருங்கள். மூன்று சி.டி., ஒரு டி.வி.டி. கொண்டது. அந்த இரண்டோடு 1974இன் ‘சங்கர் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ஸும் அதில் இருக்கிறது. பழைய பிரதி வாங்கினால் டி.வி.டி. உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 1974 கச்சேரியைக் கண்ணால் பார்க்க முடிவது அதில்தான்.