ஆர்சனல் கால்பந்து அணியின் ரசிகன் நான். லண்டன் போகும்போது அதன் பழைய மேலாளர் ஹெர்பர்ட் சாப்மனின் கல்லறைக்கு அரை நாள் ஒதுக்கலாமா?

தாராளமாக ஒதுக்கலாம், நான் போயிருக்கிறேன். ஆனால் அந்த மனிதரின் கடைசி வாரம் எப்படிக் கழிந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள். இல்லையென்றால் அங்கே உங்களுக்குக் கிடைப்பது பெயர் பொறித்த ஒரு கல் மட்டும்தான்.

1934 ஜனவரி 1. ஆர்சனல் லீக் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது. மேலாளர் வீட்டில் காலை நீட்டி உட்காரலாம். இவரோ வடக்கே கிளம்பிப் போய் பரி அணியின் ஆட்டத்தைப் பார்க்கிறார். மறுநாள், அடுத்து மோத வேண்டிய ஷெஃபீல்டு வெனஸ்டே எப்படி ஆடுகிறது என்று பார்க்கப் போகிறார். ஓர் இரவு சொந்த ஊரான கிவிட்டன் பார்க்கில் தங்கிவிட்டு, ஜலதோஷத்தோடு லண்டன் திரும்புகிறார். அப்புறமாவது படுத்தாரா? இல்லை. கில்ஃபோர்டில் தன் மூன்றாம் அணி ஆடுவதைப் பார்க்கப் போய்விட்டார். மூன்றாம் அணி! ஜலதோஷம் நிமோனியாவாக மாறி, ஜனவரி 6 விடியற்காலையில் லண்டனின் ஹெண்டன் பகுதியிலிருந்த வீட்டில் இறந்துபோனார். வயது 55. அன்றைக்கு மாலையே அதே ஷெஃபீல்டு வெனஸ்டேயோடு ஆர்சனலின் அன்றைய மைதானமான ஹைபரியில் ஆட்டம், 1-1.

வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்து வளாகத்தில்தான் அடக்கம் செய்தார்கள். சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் அவருடைய ஆட்டக்காரர்கள்: டேவிட் ஜாக், அலெக்ஸ் ஜேம்ஸ், கிளிஃப் பாஸ்டின், எடி ஹாப்குட் என்று அன்றைய நட்சத்திரங்கள்.

எனக்கு அங்கே நிற்கும்போது மனதில் ஓடியது கோப்பைகள் அல்ல, அவர் பார்க்காமல் போனவை. ஹடர்ஸ்ஃபீல்டு அணிக்கு 1924, 1925 என்று அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டு ஆர்சனலுக்கு வந்தார். மூன்றாவதை அவர்கள் அவர் இல்லாமல் 1926-இல் வென்றார்கள். ஆர்சனலும் 1933, 1934, 1935 என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்றது. அதில் முதலாவது மட்டுமே அவர் கண்ணால் பார்த்தது. சட்டை முதுகில் எண் போட்டு 1928-இலேயே ஆட விட்டவர் அவர், லீக் அதைக் கட்டாயமாக்கியது 1939-இல். ஹைபரியில் மின்விளக்குகளை மாட்டினார், ஆனால் விளக்கொளியில் லீக் ஆட்டம் நடக்க 1956 வரை ஆனது. இவ்வளவு அவசரக்காரருக்கு இவ்வளவு நிதானமான நிர்வாகிகள் வாய்த்ததுதான் கொடுமை.

கல்லறையைத் தேடி வருபவர்களில் பலர் கவனிக்காமல் போகும் ஒன்று: சிங்கப்பூரை நிறுவிய ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் அடக்கமானதும் இதே தேவாலயத்தில்தான். 1826-இல் இறந்தவரின் நிலவறை 1914-இல்தான் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டது. சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களிடம் சொல்ல உங்களுக்கு ஒரு கதை ஆச்சு.

முதலில் ஹெண்டன் போகாதீர்கள். ஆர்சனல் சுரங்க ரயில் நிலையத்தில் ஆரம்பியுங்கள். கில்லெஸ்பி ரோடு என்றிருந்த பெயரை 1932-இல் ஆர்சனல் என்று மாற்ற வைத்தவர் சாப்மன்தான். பழைய பெயர் நடைமேடைச் சுவர் ஓடுகளில் இன்றும் இருக்கிறது, பார்க்கத் தவறாதீர்கள். அங்கிருந்து ஆர்சனலின் இப்போதைய எமிரேட்ஸ் மைதானத்துக்கு நடந்தால் வெளியே அவருடைய சிலை. பிறகு பிக்காடிலி பாதையில் கிங்ஸ் கிராஸ் வந்து, நார்தர்ன் பாதைக்கு மாறி, எட்ஜ்வேர் போகும் ரயிலில் ஹெண்டன் சென்ட்ரலில் இறங்குங்கள். அதற்கப்புறம் நடைதான், கொஞ்சம் மேடு.

ஞாயிறு காலை ஆராதனை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயம். ஆர்சனல் துண்டைப் போர்த்திப் படம் எடுக்கலாமா என்று கேட்டால், எடுங்கள், தப்பில்லை. எடுத்ததும் துண்டை மறக்காமல் கையோடு கொண்டு வந்துவிடுங்கள், மழையில் நனைந்து கிடந்தால் அசிங்கமாக இருக்கும்.