ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்

தங்கள் வார்டில் மூன்று தெருக்களில் வயிற்றுப்போக்கு பரவியிருந்தும், ஆய்வக முடிவு வரும்வரை குடிநீர் விநியோகத்தை நிறுத்த மன்றம் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். காத்திருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. 1854இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, இறப்பு நிகழ்ந்த வீடுகளில் பெரும்பாலானவை ஓர் அடிகுழாயைச் சுற்றியே இருந்தன என மருத்துவர் ஜான் ஸ்னோ கணக்கெடுத்துக் காட்டியதை ஏற்று, நோய்க்கான காரணம் நிரூபிக்கப்படாத நிலையிலேயே, அந்தச் சிறிய வட்டார நிர்வாகம் செப்டம்பர் 8 அன்று அந்த அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றியது. (அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதால், தாமதத்தின் விலையையும் அது உணர்த்துகிறது.)

தாங்களும் நோயாளிகளின் வீடுகளை இன்றே வரைபடத்தில் குறியுங்கள். தொட்டியில் மட்டுமன்றி, கடைக்கோடி வீட்டுக் குழாயிலும் குளோரினைச் சோதிக்கச் சொல்லுங்கள்; லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சோதனைக் குப்பியில் நீரின் நிறமே மாறாவிட்டால் அதில் குளோரின் இல்லை என்று பொருள்; அக்குழாயை உடனே மூடி, லாரியில் பாதுகாப்பான நீரை அனுப்புங்கள்.